விமலா மாமியின் சத்தியக்கடதாசி

1. திருகோணமலை உட்துறைமுக வீதியில் வசிப்பவனும், இந்து சமயத்தவனும், நாற்பது வருடங்களுக்குச் சற்று மேலாகச் சட்டத்தரணியாகவும் பிரசித்த நொத்தாரிசாகவும் தொழில் செய்து சென்ற தைப்பொங்கலோடு அதை நிறுத்திக்கொண்டவனுமாகிய நான், உன் தகப்பன்.

2. இக்கடிதத்தை எவருடைய வற்புறுத்தலுமின்றி, என் வீட்டு முன்னறையில், பகல் வெளிச்சத்தில், என் கைப்பட எழுதுகிறேன்.

3. நான் கண்டதைக் கண்டதாகவும், பிறர் சொல்லக் கேட்டதைக் கேட்டதாகவும் பிரித்தே எழுதுவேன். செய்ததைச் செய்ததாக எழுதுவேன்.

4. உன் நூலின் முன்னுரையில் என்னைப் பற்றி நீ எழுதியிருக்கும் பத்தி உண்மைக்கு மாறானது. அந்தப் பிழைக்குக் காரணம் நீ அல்ல, நான். அது அச்சேறக் கூடாது.

அன்புள்ள ஆரணி,

கியோட்டோவிலிருந்து நீ அனுப்பிய அச்சுப்படியை நான்கு நாட்களாக, பென்சில் பிடித்தபடி, ஒரு காணி உறுதிப் பத்திரத்தை வாசிப்பது போல வாசித்தேன். ஆயிரம் வருடங்களுக்கு முந்தைய யப்பானிய அரசவையைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. ஆயினும் நீ எழுதியிருக்கும் விதத்தில் அந்தப் பெண்களை என்னால் காண முடிந்தது. திரைகளுக்குப் பின்னால் இருந்து பிக்குகளின் ஓதலைக் கேட்டவர்கள். தீட்டு நாட்களிலும் விலக்கு நாட்களிலும் வாசலை அடைத்துக்கொண்டு இருந்தவர்கள். மலைக்கோயில்களுக்குப் போய்ப் பல நாட்கள் அடைந்து கிடந்து, கனவில் ஒரு சொல் வருமா என்று காத்திருந்தவர்கள். கருநீலக் கடதாசியில் பொன் மையால் சூத்திரங்களைப் பிரதி செய்தவர்கள். ஆளுயரத்துக்கும் மேலாக வளர்த்த தலைமயிரை ஒருநாள் தோளளவில் வெட்டி, அதே வீட்டின் ஒரு மூலையில் துறவியாக வாழ்ந்தவர்கள். எல்லாவற்றையும் பெருமையோடுதான் வாசித்தேன். கடைசியில் முன்னுரைக்கு வந்தேன். புத்தகங்களை நான் பின்னாலிருந்து வாசிப்பவன் என்பது உனக்குத் தெரியும்.

உன் முன்னுரை சொல்வது இதுதான்: உன் தகப்பனின் தங்கையும் இளம் வயதில் தன் தலைமயிரைத் தானே வெட்டி, வெள்ளை உடுத்து, இறைபணிக்குப் போனவள், அக்காலத்தில் எந்தக் குடும்பமும் ஏற்காத அந்த முடிவை உன் தகப்பன் மதித்து, சட்டப்படி பதிவும் செய்து வைத்தார், ஆகவே அந்த அரசவைப் பெண்களின் தகப்பன்மாரும் சகோதரர்களும் அவர்களுடைய விருப்பத்துக்குத் துணை நின்றார்கள் என்பதை நம்புவது உனக்குக் கடினமாக இருக்கவில்லை. கீழே என் அலுமாரியிலிருந்த சத்தியக்கடதாசியின் படம். பல்கலைக்கழக விடுமுறையில் நீ அதைப் படம் பிடித்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். அது என்ன என்று நீ கேட்டாய். உன் மாமியின் மனதைக் காட்டும் கடதாசி என்றேன். இப்போது நீ என்னிடம் கேட்பது அதன் திகதி சரிதானா என்பதை மட்டும். இந்த மாத முடிவுக்குள் சொன்னால் போதும் என்கிறாய். திகதி சரி. மற்றவற்றைச் சொல்கிறேன்.

உன் மாமியின் கணவரை நீ கண்டதில்லை. நீ பிறக்குமுன் இறந்துவிட்டார். துறைமுகத்தில் சரக்கு இறக்குவோருக்கு மேற்பார்வையாளர். கோயில் திருவிழாவில் முன்னுக்கு நின்று தேர்வடம் பிடிப்பவர், பெரியவர்களைக் கண்டால் எழும்புபவர். அவரை விமலாவுக்குப் பேசி முடித்தவன் நான். அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கல்யாணம் முடிந்த ஆறாம் மாதம் அவள் எங்கள் வீட்டுக் குசினிக்குள் வந்து, சட்டையை இறக்கி முதுகைக் காட்டினாள். கப்பல் கயிற்றின் துண்டொன்றை அவர் அதற்கென்றே கட்டிலின் கீழ் வைத்திருந்தார். கயிற்றின் முறுக்கு அவளுடைய தோலில் அப்படியே பதிந்திருந்தது. அதை நான் கண்டேன். நான் அப்போது தொழில் தொடங்கியிருந்த புதிது; எந்தக் காயத்துக்கும் ஒரு பத்திரம் உண்டு என்று நம்பினேன். அவரை அழைத்து, இனி மனைவி மீது கைநீட்ட மாட்டேன் என்று எழுதுவித்து, முத்திரை ஒட்டி, ஒப்பம் வாங்கி, ஒரு பிரதியை அவருக்கும் கொடுத்து, அவளை அவருடனே அனுப்பினேன்.

மூன்று மாதம் கழித்து அவள் திரும்பி வந்தபோது ஒரு காதால் இரத்தம் வடிந்துகொண்டிருந்தது. அந்தக் காது இன்றுவரை கேட்பதில்லை; நீ எப்போதும் அவளுடைய வலப்பக்கம் இருந்து கதைப்பதன் காரணம் அது. பத்திரத்தைக் காட்டினாயா என்று கேட்டேன். அவள் சிரித்தாள். "அண்ணா, உங்கட கடுதாசியைக் கட்டிலுக்கு மேல ஒட்டி வச்சிருக்கிறார். அதைச் சத்தமா வாசிக்கச் சொல்லிப்போட்டுத்தான் அடிக்கிறார்," என்றாள். என் தகப்பன், உன் அப்பப்பா, பஸ் தரிப்பிடம் வரை போய் அவளை மறுபடியும் ஏற்றிவிட்டார். நான் தடுக்கவில்லை. தங்கச்சியைத் திருப்பி எடுத்துக்கொண்டான் என்ற கதை என் தொழிலுக்கு நல்லதல்ல என்று எண்ணினேன். அந்த எண்ணத்தை எவரிடமும் சொன்னதில்லை. உன் அம்மா அதை அறியாமலே போனாள்.

மூன்றாம் முறை அவள் எங்களிடம் வரவில்லை. மீன் வெட்டும் கத்தரிக்கோலால் தலைமயிரைக் கழுத்தோடு வெட்டி, அதைக் கட்டிலின் மேல் வைத்துவிட்டு, வெள்ளைச் சேலையோடு, ஆறு கடத்தும் பாதைப் படகுகளில் ஏறி இறங்கி வெருகலுக்குப் போய்விட்டாள். அப்போது பாலங்கள் இல்லை. ஒவ்வோர் ஆற்றுக்கும் ஒரு பாதை, ஒவ்வொரு பாதைக்கும் ஒரு காத்திருப்பு. முருகன் கோயிலுக்குப் பக்கத்தில் யாத்திரிகர் தங்கும் மடத்தில், காலையும் மாலையும் வீதி கூட்டி, ஆற்றில் முழுகி, கொடுத்ததைச் சாப்பிட்டு மூன்று கிழமை இருந்தாள். இதை மடத்தவர்கள் சொல்லக் கேட்டேன். அவள் அங்கே ஒரு நாளும் அழவில்லை என்றும் அவர்கள் சொன்னார்கள். இங்கேயோ கதை வேறு விதமாக ஓடியது. புருஷன் உயிரோடு இருக்கத் தலைமயிரை வெட்டி வெள்ளை உடுத்தவள் அவனைச் சாகச் சொல்லி நேர்ந்திருக்கிறாள் என்றார்கள். பேய் பிடித்திராவிட்டால் ஒரு குடும்பப் பெண் இதைச் செய்வாளா என்று கேட்டவர் அவளுடைய கணவர். எங்கள் வீட்டில் அது எல்லாருக்கும் வசதியான விளக்கமாக இருந்தது. பேய் என்றால் எவரும் குற்றவாளி அல்ல.

நாங்கள் மூவர் போனோம்: உன் அப்பப்பா, கணவர், நான். எங்களைக் கண்டதும் அவள் ஆற்றுக்குள் இறங்கிக் கழுத்தளவு தண்ணீரில் நின்றாள். கணவர் உள்ளே பாய்ந்து அவளுடைய தலையைப் பற்றினார். பிடிக்க ஒன்றும் அகப்படவில்லை. கை வழுக்கிக்கொண்டே இருந்தது. அந்த ஆத்திரத்தில் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்தார். அவளுடைய கைகள் மேலே வந்து அடித்தன. நான் கரையில் நின்று, "போதும், கோயில் இது," என்றேன். கொல்லாதே என்று நான் சொல்லவில்லை. கோயில் இது என்றேன். அந்த வாக்கியத்தை நான் இப்போது திருத்தக் கூடாது.

உன் நாலாம் அத்தியாயத்தை இங்கே நினைத்துக்கொள். நோயில் கிடக்கும் சீமாட்டியைப் பிடித்த ஆவியைப் பிக்குகள் மந்திரம் சொல்லி வேறொரு பெண்ணுக்குள் மாற்றுவார்கள், அந்தப் பெண் தலைவிரிகோலமாக அலறி, பழைய பகை ஒன்றின் பெயரைச் சொல்ல வேண்டும், சொன்னால்தான் விடுவார்கள். அந்தப் பெண்ணின் சொந்தப் பெயரை எந்த நாட்குறிப்பும் பதியவில்லை என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய். அந்த வரியில் பென்சிலை வைத்துவிட்டு எழுந்து முற்றத்துக்குப் போனேன். வெருகலிலிருந்து கொண்டு வந்த விமலாவுக்கு நாங்கள் பேயோட்டியது அதே முற்றத்தில்தான். ஒரு செவ்வாய்க்கிழமை உச்சிப்பொழுது. வெளியூரிலிருந்து ஒருவரைக் கூட்டி வந்திருந்தோம். அவர்களுடைய முறை என்னவென்றால், பேய் இறங்கியதும் உச்சியில் ஒரு கொத்துத் தலைமயிரை முடிந்து, அதை அறுத்து, மரத்தில் ஆணியால் அறைவது. விமலாவின் தலையைக் கண்டதும் அவர் கோபப்பட்டார். இதில் எதை முடிவது, பேய் தனக்கு வழி அடைத்துவிட்டு அல்லவா வந்திருக்கிறது என்றார். பிறகு மிளகாய்ப் புகை போட்டார். பிறகு பிரம்பை எடுத்தார்.

அவளுடைய கைகளைப் பின்னாலிருந்து பிடித்திருந்தவன் நான். நான் பிடித்தால் குறைவாக நோகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "ஆர் நீ? பேரைச் சொல்லு," என்று அவர் கேட்க, அவள் உதட்டுக்குள் முருகனின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதைப் பேயின் கள்ளம் என்று எடுத்துக்கொண்டு தோளில், துடையில், பாதத்தில் அடித்தார். பாதம் வெடித்து மணல் சிவந்தது. நான் எண்ணவில்லை. வழக்குகளில் எத்தனை அடி என்று சாட்சிகளைக் குறுக்குக் கேள்வி கேட்டு மடக்கியவன். எனக்கே எண்ணிக்கை தெரியாது. கடைசியில் அவர் கேள்வியை மாற்றினார். "ஆர் இந்த உடம்பை விட்டுப் போக வேணும்? அதையெண்டாலும் சொல்லு."

"அண்ணா போகட்டும்," என்றாள் விமலா. மிகத் தெளிவாக, கடைக்காரரிடம் சாமான் கேட்பது போலச் சொன்னாள். "அண்ணாவைக் கையை விடச் சொல்லுங்கோ. மிச்சத்தை நான் தாங்குவன்."

கணவர் கதிரையில் இருந்தபடி சிரித்தார். "சட்டத்தரணி வீட்டுப் பேயெல்லே, நல்லா வாதாடுது," என்றார். வேலிக்கு வெளியே நின்றவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என்னைக் குறித்தது. நான் அவளுடைய வாயில் அறைந்தேன். பிறகு இடக்கையை முதுகுக்குப் பின்னால் மேல்நோக்கி முறுக்கினேன். நிறுத்த வேண்டிய இடம் எது என்று என் விரல்களுக்குத் தெரிந்தது. அந்த இடத்தைத் தாண்டியும் முறுக்கினேன். எலும்பு முறிந்த சத்தத்தை வேறு எவரும் கேட்டிருக்க மாட்டார்கள். அது சின்னச் சத்தம். என் கைக்குள்தான் நடந்தது. பேயோட்ட வந்தவர் அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, "போட்டுது," என்றார். பேய் போய்விட்டதாம்.

வைத்தியசாலையில் எலும்பைப் பொருத்த மயக்க மருந்து கொடுத்திருந்தார்கள். உடம்பில் இருந்த தழும்புகளைக் கண்ட வைத்தியர், பொலிஸுக்கு அறிவிக்க வேண்டும் என்றார். எனக்கு இருந்த நேரம் அந்த ஒரு மாலைப்பொழுது. என் இலிகிதர் ராசிக்கை, கிண்ணியாவுக்கு வள்ளம் ஏறப் போனவரை, ஆள் அனுப்பித் திருப்பி அழைத்தேன். நான் சொல்லச் சொல்ல அவர் தட்டச்சு செய்தார். மூன்று வாசகங்கள். ஒன்று, விமலாதேவியாகிய நான் வெருகல் ஆற்றுப் படியில் வழுக்கி விழுந்தேன். இரண்டு, எவர் மீதும் எனக்கு முறைப்பாடு இல்லை. மூன்று, என் சுயவிருப்பின் பேரில் இல்லறத்தை விட்டு இறைபணியில் ஈடுபடுகிறேன்; கணவரிடம் எனக்கு எந்த உரித்தும் இல்லை. மூன்றாவதைக் கணவருடன் பேசித்தான் சேர்த்தேன். பொலிஸுக்குப் போகாமல் இருந்தால் அவளைத் தேடி வரமாட்டேன் என்றார். கடதாசியைக் கட்டிலுக்குக் கொண்டு போய், அவளுடைய வலக்கை விரல்களுக்குள் பேனையை வைத்து, என் கையால் அவளுடைய கையை நடத்தினேன். நீ படம் பிடித்த ஒப்பத்தில் கடைசி எழுத்து கீழே இழுபட்டிருப்பதைக் கவனித்து, பக்தியின் நடுக்கம் என்று அடிக்குறிப்பு எழுதியிருக்கிறாய். அவளுடைய கை சரிந்தது, அவ்வளவுதான்.

ராசிக் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். "சேர், தங்கச்சிட கண்ணே திறக்கல்ல. வாசிச்சுக் காட்டினண்டு எப்பிடிப் போடுற?" என்று கேட்டார். போடு என்றேன். "நீங்க போடுங்க சேர். என்ட கையால ஏலாது," என்றார். என்னிடம் வேலை செய்த பத்து வருடங்களிலும் அவர் எனக்கு மறுத்துச் சொன்ன ஒரே சொல் அதுதான். வாசித்துக் காட்டப்பட்டு, விளங்கிக்கொண்டதாகத் தோன்றியதன் பின் என் முன்னிலையில் கையொப்பமிட்டார் என்று, சத்தியம் பெறும் ஆணையாளனாக, நானே எழுதி ஒப்பமிட்டேன். ஒரு சத்தியக்கடதாசியின் முழுப் பலமும் அந்த வரியில்தான் இருக்கிறது. மேலே எழுதியது பொய்யானால் சொன்னவரின் பொய். அந்த வரி பொய்யானால் அது என் பொய்.

மூன்றாம் வாசகம் உண்மை என்பதுதான் இதில் மிகக் கொடியது. அவள் உண்மையிலேயே அந்த வாழ்க்கையை விரும்பினாள். அந்த உண்மை பக்கத்தில் நின்றபடியால்தான் மற்ற இரண்டு பொய்களையும் பொலிஸ் நம்பியது, ஊர் நம்பியது, காலப்போக்கில் நானும் நம்பத் தொடங்கினேன், பிறகு நீ நம்பினாய். இதையே உனக்கு ஆலோசனையாகவும் சொல்கிறேன். உன் துறையில் நான் சொல்லக்கூடியது இது ஒன்றுதான். நீ பயன்படுத்தும் நாட்குறிப்புகளில் பெரும்பாலானவை அரசவை ஆண்கள் எழுதியவை என்று நீயே சொல்கிறாய். இன்ன சீமாட்டி இன்று தன் விருப்பத்துடன் தலைமயிர் குறைத்துத் துறவு பூண்டாள், எல்லாரும் கண்ணீர் விட்டார்கள் என்று ஒரு தகப்பனோ சகோதரனோ எழுதியிருந்தால், அந்த வேளையில் அறையில் யார் யார் நின்றார்கள் என்று கேள். அவளுடைய கண் திறந்திருந்ததா என்று கேள். எழுதியவனுக்கு அந்த வரியால் என்ன நன்மை என்று கேள். அவள் பொய்யாகத் துறவு பூண்டாள் என்று நான் சொல்லவில்லை. அவளுடைய விருப்பத்தை அவள் வாயால் கேட்டவர் எவர் என்றுதான் கேட்கிறேன்.

இதை எழுதத் தொடங்குமுன் மாமியிடம் போனேன். துறைமுகத்துக்குப் போகும் சந்தில், கோயிலோடு ஒட்டிய அவளுடைய அறை உனக்குத் தெரியும். அவள் மாலை கட்டிக்கொண்டிருந்தாள். நாரைப் பல்லில் கடித்து இழுத்துத்தான் முடிச்சுப் போடுவாள், இடக்கை மணிக்கட்டு மடங்காது. சிறுவயதில் நீ அதைப் பார்த்து அப்படியே கட்டிப் பழகினாய். உன் நூலைப் பற்றிச் சொன்னேன். அந்தப் பெண்கள் தலைமயிரை வெட்டியது பக்தியாலா, தப்புவதற்கா என்று நீ இரண்டு அத்தியாயம் எழுதியிருப்பதைச் சொன்னேன். வலக்காதைத் திருப்பி முழுவதையும் கேட்டாள்.

"வெட்டினது அவர் பிடிச்சு இழுக்கக் கூடாதெண்டு," என்றாள். கொஞ்ச நேரம் பூவைத் தொடுத்தாள். "முருகனுக்கெண்டும் தான். ரெண்டும் ஒரே கத்தரிக்கோல் தானே. அடி இல்லாட்டியும் நான் போயிருப்பன் அண்ணா. கொஞ்சம் ஆறுதலாப் போயிருப்பன்."

உன்னிடம் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன் என்றேன். அதற்கு அவள், "பிள்ளைக்கு எழுதிறதெண்டால் எனக்கும் வாசிக்கத் தாங்கோ. போனமுறை தரேல்லையே," என்றாள். அப்படித்தான் அவள் முதல் முறையாக அந்தக் கடதாசியைப் பற்றி என்னிடம் கதைத்தாள். இத்தனை வருடங்களாக நல்ல நாள் பெரிய நாளுக்கு எனக்குச் சாப்பாடு போட்டு, உன்னைத் தூக்கி வளர்த்து, ஒரு சொல்லும் சொன்னதில்லை. அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்றே நம்புகிறேன்.

உன்னிடம் நான் கேட்பது நான்கு. முன்னுரையிலிருந்து என் பெயரை எடுத்துவிடு. அந்தப் படத்தைப் போடுவதானால், அது என்ன என்பதை எழுதிப் போடு. என்னைக் காப்பாற்ற எதையும் மென்மையாக்காதே. மாமியைப் பற்றி ஒரு வரி எழுதினாலும் அவளிடம் கேட்டு, அவள் கண் திறந்திருக்கும்போது வாசித்துக் காட்டி எழுது. இக்கடிதம் உன் கையில் இருக்கும் வரை என் மீதான சான்று உன் கையில் இருக்கிறது என்பதையும், அதன் விளைவுகளையும் அறிந்தே அனுப்புகிறேன். இதன் பிறகு நீ என்னோடு கதைக்காமல் விடலாம். அதற்கு எதிராக என்னிடம் வாதம் இல்லை.

அத்தாட்சி: மேலுள்ள கடிதத்தை என் தங்கை விமலாதேவி, என் வீட்டு முன்னறையில், காலை வேளையில், கதவு திறந்திருக்க, மூக்குக்கண்ணாடி போட்டு, தானே முழுவதும் சத்தமாக வாசித்தார். கிண்ணியாவிலிருந்து பாலத்தால் பஸ்ஸில் வந்திருந்த ராசிக் அதைக் கேட்டிருந்தார். வாசித்து முடியும் வரை என் இரண்டு கைகளும் மேசை மேல் இருந்தன. ஆற்றைப் பற்றிய பகுதியில் விமலாதேவி ஒருமுறை நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். பேயோட்டிய பகுதியில் நிறுத்தவில்லை. வைத்தியசாலைப் பகுதி சரியானதென்றும், தான் அன்று அழுதுகொண்டு வள்ளம் ஏறியதை மட்டும் நான் விட்டுவிட்டேன் என்றும் ராசிக் சொன்னார். நான் அதைக் காணவில்லை. சொல்லக் கேட்டதாக இங்கே சேர்க்கிறேன்.

கையொப்பமிடுமுன் செய்யப்பட்ட திருத்தம் ஒன்று. "அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்றே நம்புகிறேன்" என்ற வாக்கியத்தை முதலாம் சாட்சியான விமலாதேவி தம் கையால் வெட்டி, அதன் மேல், "அண்ணா இன்னும் கேக்கேல்லை" என்று எழுதினார். வெட்டியதை நீ வாசிக்கக்கூடியதாகவே விட்டிருக்கிறோம். திருத்தம் சரியானதென ஏற்று, அருகில் என் சுருக்கொப்பத்தை இட்டேன்.

கடிதத்தை உறையில் இடுமுன் கேட்டேன். அவளும் பதில் சொன்னாள். அந்தப் பதில் அவளுடையது. அவளுக்காக அதை எழுத எனக்கு அதிகாரம் இல்லை; நீ அவளிடமே கேள்.

(ஒப்பம்) உன் அப்பா

சாட்சிகள்:

1. கந்தையா விமலாதேவி, தம் கையால், முழுப் பெயரில்

2. முகம்மது இஸ்மாயில் ராசிக், இளைப்பாறிய இலிகிதர், கிண்ணியா